அரை நிமிட உலை பிறந்த கதை

1855ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் புதியதோர் உலோகத்தின் பாளங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. வெள்ளியின் நிறம், கையில் தூக்கினால் பாரமே தெரியவில்லை. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதில் மனதைப் பறிகொடுத்தார். அதை மலிவாக எடுக்க வழி தேடிக்கொண்டிருந்த இரசாயனவியலாளர் சென்ற் கிளேர் டெவிலுக்குப் பணத்தையும் அள்ளிக் கொடுத்தார். அரண்மனை விருந்துகளில் மிக முக்கியமானவர்களுக்கு மட்டும் அந்த உலோகக் கரண்டி, மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டி என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அந்த உலோகம் அலுமினியம். இன்று துணுக்காயிலோ மல்லாவியிலோ எந்தக் குசினிக்குள் நுழைந்தாலும் அடுப்பில் சோற்றுப் பானையாக இருப்பது அதுதான். வயல் களிமண்ணுக்குள்ளும் அது கொட்டிக் கிடக்கிறது. பூமியின் மேலோட்டில் அதைவிட அதிகமாக உள்ள உலோகம் வேறில்லை. அப்படியிருந்தும் அன்று அது தங்கத்தோடு போட்டி போட்டதற்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது.

அந்தக் காரணம் ஒட்சிசன். அலுமினியம் ஒட்சிசனோடு ஒருமுறை சேர்ந்துவிட்டால் பிறகு இலகுவில் பிரியாது. இரும்புத் தாதைக் கரியோடு உலையில் இட்டால், கரி ஒட்சிசனைப் பிடுங்கிக்கொண்டு இரும்பை விட்டுவிடும். அலுமினியத்திடம் அந்த வித்தை பலிக்கவில்லை. 1827இல் ஜேர்மானியரான ஃபிரீட்ரிக் வோலர் பொட்டாசியத்தின் துணையோடு சாம்பல் நிறத் தூளாகக் கொஞ்சம் எடுத்ததே பெரிய சாதனையாக இருந்தது. எல்லோரும் அந்த உலோகத்தின் பிடிவாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கார்கிவ் பல்கலைக்கழகத்தில் இருந்த நிக்கொலாய் பெக்கெட்டோவ் அதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தார். ஒட்சிசனை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துவைக்கும் உலோகம், மற்ற உலோகங்களிடமிருந்து அதைப் பறித்தெடுக்கவும் வேண்டுமே? பேரியம் ஒட்சைட்டையும் அலுமினியத்தையும் சேர்த்துச் சூடாக்கினார். அலுமினியம் ஒட்சிசனைப் பறித்துக்கொண்டது. பேரியம் தனியே வந்தது. 1860களில் அவருடைய ஆய்வு வெளியாகியும் தொழிற்சாலை எதுவும் அதைச் சீண்டவில்லை. விலையுயர்ந்த ஓர் உலோகத்தை எரித்து வேறோர் உலோகத்தை எடுக்க யாருக்குத் துணிவு வரும்? கண்டுபிடிப்பு தயாராக இருந்தது. விலை விழ வேண்டியிருந்தது.

விலை 1886இல் விழத் தொடங்கியது. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் சார்ள்ஸ் மார்ட்டின் ஹால் என்ற இளைஞர், வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். கடலுக்கு அப்பால் பிரான்சில், அவரை அறியாத போல் ஏரூ என்ற இன்னோர் இளைஞர் அதே ஆண்டில் அதே வழியைக் கண்டுபிடித்தார். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் இறந்தார்கள். விஞ்ஞான வரலாற்றில் இப்படி ஒத்துப்போன இரட்டையர் வேறு யாராவது இருக்கிறார்களா என்பது சந்தேகம். சில ஆண்டுகளுக்குள் அலுமினியம் இறாத்தல் ஒரு டொலருக்கும் கீழே இறங்கியது. அரச மேசையிலிருந்து இறங்கி வந்த அந்த உலோகத்தை, ஜேர்மனியின் எசென் நகரில் தகரப் பேணிகளோடு மாரடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் கவனித்துக்கொண்டிருந்தது.

அது கோல்ட்ஷ்மிட் குடும்பம். தந்தை தியோடோர் 1847இல் பேர்லினில் தொடங்கிய இரசாயனத் தொழிற்சாலையை, அவர் மறைந்த பின் கார்ல், ஹான்ஸ் என்ற இரு மகன்மாரும் பொறுப்பேற்று எசென் நகருக்குக் கொண்டுபோனார்கள். கழிவுத் தகரத்திலிருந்து வெள்ளீயத்தைப் பிரித்து விற்பதே பெரும்பாலான வருமானம். இளையவரான ஹான்ஸ், ஹைடல்பேர்க் நகரில் றொபேட் பன்சனிடம் படித்தவர். பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இன்றும் எரியும் சுடரடுப்புக்குப் பெயர் தந்த அதே பன்சன். எசென் அந்நாளில் குரூப் நிறுவனத்தின் நகரம். ஊரே உருக்கை உண்டு உருக்கைக் குடித்தது. உருக்கை வலுவாக்கக் குரோமியமும் மங்கனீசும் தேவைப்பட்டன. ஆனால் கரியோடு சேர்த்து உருக்கிய குரோமியத்துக்குள் கரியும் புகுந்து, உலோகத்தை நொறுங்கும் பண்டமாக்கிவிடும். கரி தொடாத குரோமியத்தை எடுப்பவருக்கு ஊரிலேயே வாடிக்கையாளர் காத்திருந்தார். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் பெக்கெட்டோவின் பழைய வழிக்குத் திரும்பினார். அந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அவர்களுடைய மூசைகள், அதாவது உலோகம் உருக்கும் கலங்கள், வெடித்திருந்தன. ஒட்சைட்டுத் தூளையும் அலுமினியத் தூளையும் கலந்து, மூசையில் இட்டு, வெளியிலிருந்து உலைத்தீயால் சூடாக்குவதுதான் அதுவரை எல்லோரும் அறிந்த முறை. நெடுநேரத்துக்கு ஒன்றும் நடக்காது. தூள் முழுவதும் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டே போகும். திடீரென்று ஒரு கணத்தில் முழுக் கலவையும் ஒன்றாகத் தீப்பிடித்துக்கொள்ளும். மூசையில் இருந்தது கூரைக்குப் போகும். கலவைக்குள் இவ்வளவு வெப்பம் அடைபட்டிருக்கிறது என்பதே அந்த வெடிப்புகளின் செய்தி. ஆனால் அதை அனுபவித்தவர்கள் அச்செய்தியை ஓர் எச்சரிக்கையாக மட்டும் படித்துவிட்டு விலகினார்கள். சிலர் கலவையின் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். சிலர் மெதுவாகச் சூடாக்கிப் பார்த்தார்கள். தீயை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கோல்ட்ஷ்மிட் கேட்டார். மூசையை அடுப்பில் ஏற்றவே இல்லை. குளிர்ந்த கலவையை அப்படியே வைத்து, மேலே ஒரேயொரு புள்ளியில், இலகுவில் பற்றும் வேறொரு தூளைச் சிறிதளவு இட்டு அதை மட்டும் கொளுத்தினார். வைக்கோற் போரின் ஒரு மூலையில் வைத்த நெருப்பு போல, அந்தப் புள்ளி தன் அடுத்த புள்ளியைப் பற்றவைத்தது. அது தனக்கு அடுத்ததை. வெளியிலிருந்து ஒரு துண்டு நிலக்கரிகூடத் தேவைப்படவில்லை. வெடிப்பும் இல்லை. வெண்ணொளியோடு கலவை மேலிருந்து கீழே எரிந்து முடிந்தபோது மூசையின் அடியில் உருகிய உலோகம் தேங்கி நின்றது. 1895இல் அவர் ஜேர்மன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கலவை பழையது, அதன் விஞ்ஞானம் பெக்கெட்டோவின் காலத்தது. தீயை ஒரு புள்ளியில் தொடங்குவது என்ற சின்ன முடிவுதான் புதியது. என் பார்வையில் இந்தக் கதையின் உச்சமே அந்த முடிவுதான். ஆனால் கோல்ட்ஷ்மிட்டுக்கே தன் கையில் கிடைத்தது என்ன என்பது அப்போது பாதிதான் விளங்கியிருந்தது.

அவர் தேடியது குரோமியத்தை. அது சுத்தமாகக் கிடைத்தது; மங்கனீசும் கிடைத்தது. குரோமியத்தின் இடத்தில் இரும்பு ஒட்சைட்டை, அதாவது துருவின் உறவினரான சாதாரணச் செந்தூளை இட்டபோது உருகிய இரும்பு வந்தது. இரும்பை இப்படி எடுப்பதில் வியாபாரம் எதுவும் இல்லை; ஊதுலைகள் அதை மலைமலையாக வார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் அந்த இரும்பின் சூடு வேறு விதமானது. இரும்பு உருக ஏறத்தாழ 1540 பாகை செல்சியஸ் போதும். இந்தக் கலவை எரியும்போது வெப்பநிலை 2500 பாகையை எட்டியது. அதுவும் அரை நிமிடத்துக்குள், ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு மூசைக்குள். மின்சாரம் வேண்டாம், துருத்தி வேண்டாம், காற்றுக்கூட வேண்டாம். எரியத் தேவையான ஒட்சிசன் துருவுக்குள்ளேயே இருந்தது. உலோகத்தைத் தேடிப் போனவர், விற்கக்கூடிய சரக்கு வெப்பம்தான் என்பதைக் கண்டுகொண்டார். தெர்மிற் என்ற வணிகப் பெயரும் வந்தது. இனி வேண்டியிருந்தது, அந்த வெப்பத்துக்கு ஒரு வேலை.

அந்த மூசையில் மிஞ்சும் கசட்டையும் இங்கே சொல்லாமல் போக மனமில்லை. அரை நிமிடத் தீ அடங்கியதும் பாரமான இரும்பு கீழே இறங்க, அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அலுமினியம் ஒட்சைட்டு கசடாக மேலே மிதக்கும். இரத்தினபுரியின் சுரங்கங்களில் மண்ணை அரித்து அரித்துத் தேடும் நீலக்கல்லும் மாணிக்கமும் இதே அலுமினியம் ஒட்சைட்டுத்தான். மாணிக்கத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது அதற்குள் அணுவளவாய்ப் புகுந்த குரோமியம். கோல்ட்ஷ்மிட் தேடி அலைந்த அதே குரோமியம். உலோகம் வார்ப்பவர்கள் உடைத்துக் கொட்டும் கசட்டுக்கும் இலங்கையின் பேர்பெற்ற இரத்தினங்களுக்கும் இப்படியொரு இரத்த உறவு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லை விட்டு இரும்புக்குத் திரும்பினால், அதற்கான வேலை எசென் நகரத் தெருவிலேயே கிடந்தது.

தெருவில் ட்ராம் ஓடியது. ட்ராம் தண்டவாளங்கள் துண்டு துண்டானவை. ஒவ்வொரு துண்டின் நுனியையும் அடுத்த துண்டின் நுனியோடு பக்கத்துக்கொரு தகடு வைத்து ஆணி முடுக்குவதே உலகம் முழுவதும் வழக்கம். ரயில்வேத் தொழிலாளர் இன்றும் ஃபிஷ் பிளேட் என்று சொல்லும் தகடு அது. எவ்வளவு முடுக்கினாலும் மூட்டில் ஓர் இடைவெளி இருக்கும். ஒவ்வொரு சில்லும் அந்த இடைவெளியில் இறங்கி ஏறும்போது ஒரு அடி விழும். நுனிகள் நசுங்கும், ஆணித் துளைகளிலிருந்து வெடிப்புகள் கிளம்பும், தகடு தளரும். பாதை பராமரிப்புச் செலவில் கணிசமான பங்கை மூட்டுகள் தின்றுகொண்டிருந்தன. 1899இல் எசென் தெருவில் இரு தண்டவாள நுனிகளுக்கு இடையில் அச்சைக் கட்டி, மேலே மூசையை நிறுத்தி, கலவையைக் கொளுத்தினார்கள். அரை நிமிடம். உருகிய உருக்கு கீழே பாய்ந்து நுனிகளையும் உருக்கிக் கலந்து இறுகியது. இரண்டு தண்டவாளம் ஒன்றாகியது. ட்ராம் நிறுவனங்கள் மூட்டுகளைத் தேடித்தேடி வார்க்கத் தொடங்கின; 1904இல் அமெரிக்காவிலும் கோல்ட்ஷ்மிட் தன் நிறுவனத்தைத் திறந்தார். ஆனால் பெரிய ரயில் பாதைகளின் பொறியியலாளர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள்.

அவர்கள் அப்படி நின்ற அதே ஆண்டுகளில்தான் இங்கே வன்னிக் காட்டுக்குள் தண்டவாளம் புகுந்தது. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் முதலில் ரயில் ஓடியது. தெற்கிலிருந்து வந்த பாதை குருநாகலையும் அனுராதபுரத்தையும் தாண்டி, மலேரியாவுக்குப் பேர்போன காட்டை வெட்டி வெட்டி வடக்கே நகர்ந்தது. 1905 ஆகஸ்ட்டில் இரு முனைகளும் சேர்ந்தன. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை ஒரே பாதை. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று நிலையங்கள். 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை, மரச் சிலிப்பர்கள், துண்டு துண்டான தண்டவாளங்கள், ஒவ்வொரு மூட்டிலும் இடைவெளி. எசென் தெருவில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மூட்டு ஒழிந்திருந்தும், மாங்குளம் காட்டில் அதை விட்டுவைத்ததற்கு அந்தப் பொறியியலாளர்களிடம் வலுவான நியாயம் இருந்தது. அந்த நியாயத்தின் பெயர் வெயில்.

உருக்கு வெயிலில் நீளும். ஒரு கிலோமீற்றர் நீளமான தண்டவாளம் 30 பாகை சூடேறினால் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் நீள வேண்டும். ட்ராம் தண்டவாளம் தெருவுக்குள் புதைந்து கிடப்பது. அதன் முதுகு மட்டுமே வெயிலைக் காணும், மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ரயில் தண்டவாளமோ திறந்த வெளியில் முழு உடம்பையும் காட்டிக்கொண்டு கிடப்பது. கச்சான் காற்று வீசும் நாட்களில் வன்னியின் நடுப்பகலில் அதைக் கையால் தொட முடியாது. மூட்டின் இடைவெளி என்பது நீளும் இரும்புக்கு விட்டுவைத்த இடம். அதை வார்த்து அடைத்துவிட்டால், நீள இடமில்லாத தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்து, பாதை பாம்பாக வளைந்துபோகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அது வீண் பயமுமல்ல. நெளிந்த பாதையில் ரயில்கள் தடம்புரண்டிருந்தன. அரை நிமிட உலைக்கு ரயில் பாதையின் கதவு சாத்தியே கிடந்தது. அந்த இடைவேளையில் வேறொரு கதவு திறந்தது. அது திறந்திருக்க வேண்டாம்.

1915இல் லண்டன் நகரின் மேல் பறந்து வந்த ஜேர்மனியின் செப்பலின் வான்கப்பல்கள் போட்ட தீக்குண்டுகளுக்குள் இருந்தது இதே கலவை. காற்று தேவைப்படாத தீ என்பதால் மண்ணைப் போட்டு மூடினாலும் உடனே அணையாது. ஊற்றிய தண்ணீரும் சிறிதளவானால் நிலைமையை மோசமாக்கும். இரண்டாம் உலகப் போரில் இரு தரப்பும் ஒருவர் நகரத்தை ஒருவர் எரிக்க இதையே இலட்சக்கணக்கில் கொட்டினார்கள். குண்டுவீச்சு என்றால் என்ன என்பதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த அத்தியாயத்தை இத்தோடு விடலாம். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் 1923இல் காலமானார். தன் கலவை ரயில் பாதைக்கு வருமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் தறுவாயில் அவர் போனார்.

மறு ஆண்டே, 1924இல், ஜேர்மனியில் பற்றவைத்த தண்டவாளங்கள் ரயில் பாதையில் சோதிக்கப்பட்டன. பொறியியலாளர்கள் பழைய பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அங்கேதான் யாரும் எதிர்பாராத திருப்பம் வந்தது. நீள விடாமல் பிடித்தால் தண்டவாளம் நீளாது. நீள வேண்டிய ஆசை முழுவதும் உள்ளுக்குள் அழுத்தமாக மாறும். மீற்றருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளம் 30 பாகை சூடேறினால் அதற்குள் கிட்டத்தட்ட 50 தொன் தள்ளுவிசை சேரும். பயங்கரமான எண்தான். ஆனால் ஒரு கிலோமீற்றர் நீளமானாலும் பத்துக் கிலோமீற்றர் நீளமானாலும் அந்த எண் அதேதான்! நீளம் கூடக் கூட ஆபத்து கூடும் என்று நெடுங்காலமாக நம்பியது பிழையாகிவிட்டது. நீண்ட பாதையின் இரு முனைகளில் ஏறத்தாழ நூறு மீற்றர் வரைதான் தண்டவாளம் அசைகிறது. நடுப்பகுதி எந்த வெயிலிலும் இருந்த இடத்தில் இருக்கிறது. வேண்டியதெல்லாம் அந்த 50 தொன்னையும் நெளியவிடாமல் பிடித்து நிற்கும் ஒரு பாதை. அதற்கு மரச் சிலிப்பர் போதவில்லை.

விடை கொங்கிறீற்றில் வந்தது. உருக்குக் கம்பிகளை இறுக்கி இழுத்து வார்த்த கொங்கிறீற் சிலிப்பர், ஒவ்வொன்றும் பல ஆள் எடை. அதைச் சுற்றியும் இடையிலும் கூரான கருங்கல் சல்லி சிலிப்பரின் உயரத்துக்குக் குவித்து அடிக்கப்பட்டது. தண்டவாளத்தை வில்போன்ற இரும்புக் கொளுவிகள் விடாமல் அமுக்கின. இன்னொரு நுணுக்கமும் சேர்ந்தது. ஊரின் கடும் குளிருக்கும் கடும் வெயிலுக்கும் நடுவில் ஒரு வெப்பநிலையைத் தெரிந்து, தண்டவாளம் அந்தச் சூட்டில் இருக்கும்போது மட்டும் அதை இறுதியாகப் பூட்டுவது. அப்படிச் செய்தால் வெயிலில் தள்ளுவதும் பாதி, குளிரில் இழுப்பதும் பாதி. 1950களுக்குப் பிறகு உலகின் பெரிய பாதைகள் ஒவ்வொன்றாக மூட்டை ஒழித்தன. வன்னியின் பாதைக்கு அந்த முறை வருவதற்குள் பாதையே இல்லாமல் போனது.

1956 ஏப்ரலில் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில்தான் வவுனிக்குளம் திருத்தப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பங்கள் துணுக்காய்ப் பக்கம் காணி பெற்று வந்து குடியேறின. அவர்களுக்கு உறவென்றால் வடக்கே, சந்தையென்றால் தெற்கே. இரண்டுக்கும் வழி மாங்குளம். துணுக்காயிலிருந்து மல்லாவி வழியாக மாங்குளத்துக்கு வந்து கோச்சி ஏறியவர்களுக்குப் பிரயாணத்தின் சத்தம் மனப்பாடம்: மூட்டுக்கு மூட்டு விழும் அந்த அடி, வேகம் கூடக் கூட நெருங்கி வரும் அந்தக் கடகடப்பு. அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்கள் அதை ரயிலின் இயல்பென்றே நினைத்தார்கள். பிறகு போர் வந்தது. 1985 ஜனவரியில் கொக்காவிலில் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. 1990 ஜூனில் வடக்கே போன ரயில் கடைசி ரயிலாயிற்று. ஆளில்லாப் பாதையிலிருந்து தண்டவாளமும் சிலிப்பரும் ஒவ்வொன்றாகக் கழன்றன. பங்கர்களுக்கு மேலே கூரை தாங்கும் தூலங்களாகின. 1905இல் காட்டை வெட்டிப் போட்ட தடத்தை மறுபடியும் காடு மூடியது. போர் முடிந்த 2009இன் கடைசி மாதங்களில் துணுக்காய்க்குச் சனங்கள் திரும்பியபோது, மாங்குளத்தில் கோச்சிக்குப் பாதையென்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

ஒன்றும் மிஞ்சாததே ஒரு விதத்தில் வாய்ப்பானது. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தண்டவாள விஷயத்தில் அது உண்மை. பழைய பாதை இருந்திருந்தால் அதைத்தான் ஒட்டுப்போட்டு ஓட்டியிருப்பார்கள். வெற்று நிலமாக இருந்ததால் இந்தியக் கடனுதவியில் இந்திய ரயில்வேயின் இர்கொன் நிறுவனம் ஓமந்தையிலிருந்து பளை வரை சுமார் 90 கிலோமீற்றரையும், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றரையும் அடித்தளத்திலிருந்து புதிதாகப் போட்டது. புதிய அணை, புதிய சல்லி, கொங்கிறீற் சிலிப்பர். 2013 செப்ரெம்பர் 14ஆம் நாள் கிளிநொச்சி வரை ரயில் வந்தது. 23 ஆண்டுகளுக்குப் பிறகு மாங்குளத்தில் யாழ்தேவி நின்றது. 2014 மார்ச்சில் பளை, அக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. மாங்குளத்தில் ஏறிய வயதானவர்கள் ஏதோ ஒன்று குறைகிறதென்று உணர்ந்திருப்பார்கள். ரயில் ஓடியது. கடகடப்பு இல்லை.

எசென் நகரின் அரை நிமிட உலை வன்னிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் வேலைமுறை நூறாண்டுகளில் பெரிதாக மாறவில்லை. இந்திய ரயில்வேயில் இன்று வழக்கிலுள்ள குறுகிய முன்சூட்டு முறையும் கோல்ட்ஷ்மிட்டின் நிறுவன வழியில் வந்ததே. அதற்கான கலவையை லக்னோவில் ரயில்வேயின் சொந்தத் தொழிற்சாலையே பொதியாக்கி அனுப்புகிறது. இரு தண்டவாள நுனிகளுக்கும் இடையில் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் விட்டு, நேர்க்கோலால் மட்டம் பார்த்து, மணலால் வார்த்த அச்சை இருபுறமும் பொருத்திக் களிமண் மணலால் சந்துகளை அடைப்பார்கள். நுனிகளை முதலில் வாயுச் சுடரால் செந்நிறமாகச் சூடாக்க வேண்டும். ஈரம் ஒரு துளி இருந்தாலும் உருக்குக்குள் குமிழி விழுந்து மூட்டு பழுதாகிவிடும். பிறகு மூசையை மேலே திருப்பி நிறுத்தி, நடுவில் தீயை வைத்துவிட்டு ஒதுங்குவார்கள். வெறுங்கண்ணால் பார்க்க முடியாத வெளிச்சம். கசடு மேலே பிரிந்ததும் மூசையின் அடைப்பு தானே உருகித் திறக்கும். உருக்கு அச்சுக்குள் பாயும். சில நிமிடம் இறுகவிட்டு, இன்னும் செந்தணலாய் இருக்கும்போதே மிகுதியை வெட்டி, ஆறியபின் சில்லு ஓடும் முகத்தை அரைத்துச் சமமாக்குவார்கள். மேலே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்டவாளத்தின் இடுப்பைச் சுற்றி மட்டும் தடித்த ஒரு பட்டை மிஞ்சும். மாங்குளத்திலோ முறிகண்டியிலோ மேடையில் நின்று தண்டவாளத்தின் பக்கவாட்டைப் பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படுகிற அந்த இரும்புத் தழும்புதான் இத்தனை கதைக்கும் காரணமான பொருள்.

ஒரு மூட்டை வார்த்து முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரம் போதும். ஆனால் எல்லாம் கையால் செய்யும் வேலை; அச்சு சற்றுச் சரிந்தாலும், முன்சூடு குறைந்தாலும், மூசை நனைந்திருந்தாலும் வெளியே அழகாகத் தெரியும் மூட்டு உள்ளே பொள்ளலாக இருக்கும். அதனால் இறுகிய மூட்டுக்குள் மீயொலியை அனுப்பிக் குமிழியும் வெடிப்பும் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இந்திய ரயில்வே விதிப்படி ஒவ்வொரு மூட்டின் அருகிலும் வார்த்த மாதம், ஆண்டு, நிறுவனம், வார்த்தவரின் குறியீடு, மூட்டின் இலக்கம் ஆகியவை பதியப்படுகின்றன. என்றைக்காவது ஒரு மூட்டு முறிந்தால் அதை வார்த்த கை எது என்று தேடிப் பிடிக்க முடியும். அதே கை வார்த்த மற்ற மூட்டுகளையும் மறுபடி சோதிக்க முடியும்.

ஓமந்தைக்குத் தெற்கே பழைய பாதை இன்னும் கொஞ்சக் காலம் கடகடத்தது. 2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் ரயிலை நிறுத்தி அதையும் பெயர்த்தெடுத்தார்கள். அந்த மாதங்களில் மாங்குளத்து ஆட்கள் கொழும்புக்குப் பஸ்ஸில் போனார்கள். ஜூலையில் பாதை திறந்தது.